சளிதானே என்ற சமாதானம்

கார்த்திகை மாதம். வெளியே விடாமல் தூறிக்கொண்டிருந்தது. என் தங்கை மகளைத் தொட்டிலில் போடும் நாள். பிறந்து 40 நாள் ஆகியிருந்தது. 31 வாரத்தில், 1,380 கிராம் எடையோடு பிறந்தவள். 29 நாள் "பெட்டியில்" இருந்து, 1,850 கிராமைத் தொட்ட பிறகு வீட்டுக்கு வந்தவள். கூடத்தில் முப்பது பேருக்குக் குறையாமல் கூட்டம். உறவுக்காரப் பையன் ஒருவன், ஒன்றாம் வகுப்புப் படிப்பவன், ஒழுகிய மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு அதே கையால் அவள் விரல்களைப் பிடித்து விளையாடினான். "கண்ணா, கையைக் கழுவிட்டு வா" என்றேன். பெரியம்மா என்னைத் தடுத்தார். "விடும்மா, ஆசையா தொடுறான். சளிதானே? சளி பிடிக்காத பிள்ளை எந்த ஊர்ல இருக்கு?" நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் அவளுக்கு மூக்கடைப்பு. ஆறாம் நாள் காலை தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். காய்ச்சல் இல்லை. இருமல்கூட இல்லை. "சாதாரண சளிதான்மா. நெபுலைசர் வெச்சிட்டு, இந்த சிரப்பைக் கொடுங்க" என்றார்கள். எத்தனை வாரத்தில் பிறந்தவள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அன்றிரவு பால் குடித்துக்கொண்டிருந்தவள் உறிஞ்சுவதை நிறுத்தினாள். தூங்கிவிட்டாள் என்று தங்கை நினைத்தாள். விளக்கைப் போட்டதும்தான் உதடு நீலமாக இருந்தது தெரிந்தது. மூச்சு இல்லை. உள்ளங்காலைச் சுண்டியதும் ஒரு முறை விம்மி மூச்சிழுத்தாள். ஆட்டோவில் போகும்போது இன்னும் இரண்டு முறை நின்றது.

"சளிதானே" என்ற அந்த ஒரு சொல்லை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். பெரியம்மாவைக் குறை சொல்வதற்காக அல்ல. அவர் ஐந்து பிள்ளை பெற்றவர். ஐந்துக்கும் சளி வந்தது, போனது. அவருடைய அனுபவம் பொய்யில்லை. ஆனால் அது நிறைமாதக் குழந்தைகளிடம் பெற்ற அனுபவம். அதைக் குறைமாதக் குழந்தை மேல் அப்படியே ஏற்றிவைப்பதில்தான் பிழை இருக்கிறது. அந்தப் பிழையை வீட்டுப் பெரியவர்கள் மட்டும் செய்யவில்லை. மருந்துக்கடைக்காரர் செய்கிறார், கிளினிக் செய்கிறது, தடுப்பூசிக் கொள்கை வகுப்பவர்களும் செய்கிறார்கள்.

அவளுக்கு வந்தது ஆர்எஸ்வி என்று பிறகு சோதனையில் தெரிந்தது. ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ் என்பது முழுப் பெயர். தொற்றிய செல்களைப் பக்கத்துச் செல்களோடு ஒட்டவைத்துப் பெரிய கட்டியாக்கிவிடுவதால் வந்த பெயர் அது. 1956இல் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் முதலில் கண்டார்கள். மறு ஆண்டே ராபர்ட் சானக் என்ற மருத்துவர் பால்டிமோர் நகரில் நோயுற்ற குழந்தைகளிடம் அதே வைரஸைப் பிரித்தெடுத்தார். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது இது வந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு மூக்கொழுகலோடு சரி. "சளிதானே" என்ற சொல்லுக்குப் பலம் இங்கிருந்துதான் கிடைக்கிறது. எல்லாருக்கும் வருகிறது, எல்லாருக்கும் போகிறது என்ற கணக்கு.

அந்தக் கணக்கில் குறைமாதக் குழந்தை சேராது. ஏன் என்று பார்ப்போம்.

தாயின் ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் வேகமெடுக்கிறது. தாய் தன் வாழ்நாளில் பட்ட சளி, காய்ச்சல் அனைத்துக்கும் அவள் உடம்பு சேர்த்துவைத்த காப்பு அது. 28 முதல் 32 வாரத்தில் பிள்ளையிடம் இருப்பது தாயிடம் உள்ளதில் ஏறக்குறையப் பாதி. நிறைமாதத்தில் அது தாயின் அளவையே தாண்டிவிடும். "ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது" என்று ஒரு பேச்சு நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது முழுத் தவறு. வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குச் சேரும் சீதனம். 31 வாரத்தில் வெளியே வந்தவள் அதில் பாதியை வாங்காமலே வந்தவள்.

அடுத்தது நுரையீரல். காற்றறைகள் முழு வடிவம் பெறத் தொடங்குவதே 36ஆம் வாரத்தை ஒட்டித்தான். அதற்கு முன்பு பிறந்தால் இருப்பவை தடித்த சுவருள்ள சிறு பைகள். அவற்றுக்குள் ஆக்சிஜனையும் செயற்கைச் சுவாசத்தையும் செலுத்தித்தான் பிள்ளையைப் பிழைக்கவைக்கிறோம். அந்தச் சிகிச்சையே நுரையீரலில் தழும்பு விட்டுப் போவதும் உண்டு. அந்த வடு ஆறும் முன் மேலே வைரஸ் வந்து விழுகிறது.

குழாயின் கணக்கு இன்னும் கொடுமையானது. காற்றுக்குழாயின் ஆரம் குறையும்போது காற்றுக்கு ஏற்படும் தடை நான்காம் அடுக்கில் ஏறும். 8 மில்லிமீட்டர் அகலக் குழாயில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் தடை மூன்று மடங்கு ஆகும். பெரியவர்கள் அதைத் தொண்டை கரகரப்பு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். 4 மில்லிமீட்டர் குழாயில் அதே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் தடை 16 மடங்கு. குறைமாதக் குழந்தையின் நுண்குழல்கள் அதைவிடவும் சிறியவை. ஒரே வைரஸ், ஒரே வீக்கம். அண்ணனுக்கு மூக்கொழுகல், தங்கைக்கு மூச்சுத்திணறல். சளி என்று ஒரே பெயர் வைத்ததால் இரண்டும் ஒரே நோயாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களை ஏமாற்றியது அதுதான். குறைமாதக் குழந்தைக்கு ஆர்எஸ்வி வரும்போது அது சளியைப் போலவே தெரியாமல் போகலாம். காய்ச்சல் இராது, இருமல் இராது, நெஞ்சில் சத்தமும் இராது. முதல் அறிகுறியே மூச்சு நின்றுபோவதாக இருக்கலாம். மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை. வைரஸ் தொற்றியதும் அது தடுமாறிவிடுகிறது. மருத்துவத்தில் இது பழகிய செய்தி. பிறந்து இரண்டு மாதத்துக்கு உட்பட்ட, அதிலும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சளி என்றால் மூச்சு நிற்குமோ என்று கவனித்தாக வேண்டும். கிளினிக்கில் அவளை 46 நாள் குழந்தையாகப் பார்த்தார்கள். கர்ப்பக் கணக்குப்படி அன்று அவளுக்கு 37 வாரமும் நாலு நாளும். தாயின் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டியவள். அந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

எதிர்த்தரப்பில் படித்தவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. "கிருமி பட்டால்தானே எதிர்ப்புச் சக்தி வளரும்? மூடி மூடி வளர்த்தால் பிள்ளை நோஞ்சானாகிவிடும்" என்பார்கள். மண்ணில் புரண்டு விளையாடும் மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி அப்படிப் பேசினால் அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆர்எஸ்வியிடம் அந்த நியாயம் செல்லாது. ஒரு முறை வந்தால் தட்டம்மையைப் போல ஆயுளுக்கும் காப்புத் தருகிற வைரஸ் அல்ல இது. அடுத்த ஆண்டும் வரும், அதற்கடுத்த ஆண்டும் வரும், முதுமையிலும் வரும். பச்சிளங்குழந்தை அதை முதலில் சந்திக்கும்போது உடம்பு பாடம் கற்றுக்கொள்ளும் என்பதும் உறுதியில்லை. 1960களின் நடுவில் அமெரிக்காவில் செயலிழக்கச் செய்த ஆர்எஸ்வியைக் கொண்டு ஒரு தடுப்பூசி செய்து குழந்தைகளுக்குப் போட்டார்கள். பிறகு உண்மையான வைரஸ் தொற்றியபோது, போட்டுக்கொண்ட குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்தன. குழந்தையின் உடம்புக்குத் தவறான பாடம் கற்பித்தால் காப்பே பகையாகும் என்று அந்தச் சோகம் காட்டியது. அடுத்த தடுப்பூசி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனதற்கு அந்த அடியும் ஒரு காரணம். "வந்து போகட்டும், நல்லதுதான்" என்று ஒரு குறைமாதக் குழந்தையை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த வாதம் இதைவிடக் கூர்மையானது. மருத்துவர்களே எழுப்புவது. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையில்லை. "அந்தக் குழந்தைக்கு நுரையீரல் பிறவியிலேயே பலவீனம். பிறகு இழுப்பு வருகிறது என்றால் அதற்குக் காரணம் அந்தப் பலவீனம். வைரஸ் அதை வெளிக்காட்டிய சாட்சி மட்டுமே, குற்றவாளி அல்ல" என்பது அந்த வாதம். இதற்கு ஆதாரமும் இருக்கிறது. தொற்றுக்கு முன்பே நுரையீரல் திறன் குறைந்திருந்த குறைமாதக் குழந்தைகள்தான் தொற்று வந்தபோது அதிகம் அவதிப்பட்டார்கள் என்று அளந்து காட்டிய ஆய்வுகள் உண்டு. அப்படியானால் வைரஸ் நிரபராதியா?

இதைத் தீர்க்க ஒரே வழி, வைரஸை மட்டும் விலக்கிப் பார்ப்பது. நெதர்லாந்தில் அதைச் செய்தார்கள். 33 முதல் 35 வாரத்தில் பிறந்த, வேறு குறையில்லாத 429 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஆர்எஸ்வியைத் தடுக்கும் எதிர்ப்புப் புரத ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பிறவிப் பலவீனம் இரு பக்கத்திலும் ஒன்றுதான். 2013இல் முடிவு வெளியானது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் இழுப்போடு கழிந்த நாட்கள் 61 சதவீதம் குறைந்திருந்தன. வைரஸ் வெறும் சாட்சியாக இருந்தால் அதை விலக்கியதும் இழுப்பு ஏன் குறைய வேண்டும்? பலவீனம் அங்கேயேதானே இருந்தது?

முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன். அதே குழந்தைகளை ஆறு வயதில் மீண்டும் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களிடம் ஆஸ்துமா குறைவாக இருப்பதாகப் பெற்றோர் சொன்னார்கள். ஆனால் கருவியில் ஊதவைத்து அளந்தபோது இரு தரப்புக்கும் நுரையீரல் திறனில் வேறுபாடு இல்லை. ஆகவே குழந்தைப் பருவத்து ஆர்எஸ்விதான் பிற்கால ஆஸ்துமாவுக்கு மூலம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லத் தேவையும் இல்லை. ஒரு வயதுக் குழந்தை இழுப்பில்லாமல் உறங்கும் இரவுகள் தம்மளவிலேயே மதிப்புள்ளவை. அந்த இரவுகளை வாங்கித்தர முடியும் என்று தெரிந்த பிறகும், "ஆறு வயதில் எப்படியும் சமமாகிவிடும், போகட்டும்" என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்?

"வைரஸெல்லாம் குளிர் நாட்டுப் பணக்காரர்கள் பிரச்சினை. நம் ஊரில் பிள்ளைகளைக் கொல்வது பாக்டீரியா நிமோனியாதான்" என்ற நம்பிக்கையும் நெடுநாளாக இருந்தது. ஆன்டிபயாட்டிக் சிரப் இவ்வளவு தாராளமாக எழுதித் தரப்படுவதற்கு அந்த நம்பிக்கைதான் வேர். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழு நாடுகளில், வங்கதேசமும் தாய்லாந்தும் அவற்றில் அடக்கம், கடும் நிமோனியாவோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. காரணங்களில் முதலிடம் ஆர்எஸ்விக்கு, ஏறக்குறைய 31 சதவீதம். எல்லா பாக்டீரியாக்களையும் சேர்த்தாலும் அந்த அளவு வரவில்லை. அதே 2019ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கில், ஐந்து வயதுக்குட்பட்டோரின் ஆர்எஸ்வி மரணங்களில் 97 சதவீதத்துக்கும் மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நடந்தவை. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் ஆக்சிஜன் கிடைக்கிறது, பிழைக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் சிரப் கிடைக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனியாகக் கணக்கிட்டதில், 2019இல் மட்டும் உலகெங்கும் சுமார் 16.5 லட்சம் பேருக்கு ஆர்எஸ்வி நெஞ்சுக்குள் இறங்கியது. சுமார் 5.3 லட்சம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இறந்தவர்கள் ஏறக்குறைய 26,700 பேர். இதில் மருத்துவமனைக்குள் நடந்த மரணம் சுமார் 3,000தான். மற்றவர்கள் எங்கே இறந்தார்கள்? வீட்டில், வழியில், ஆட்டோவில். "சளிதானே, காலையில் பார்த்துக்கலாம்" என்று விளக்கை அணைத்த அறைகளில். இந்த ஒரு கணக்கைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விளக்கைப் போட்டிராவிட்டால் எங்கள் வீடும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

இந்தியாவில் 2020இல் பிறந்த குறைமாதக் குழந்தைகள் 30 லட்சத்துக்கும் மேல். உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. இவர்களைப் பிழைக்கவைப்பதில் நம் மருத்துவமனைகள் பெரிய சாதனை செய்திருக்கின்றன. அதில் எனக்கு ஐயமே இல்லை. எங்கள் பிள்ளையைக் காப்பாற்றிய சிஸ்டர்களின் கைகளை இன்றும் மறக்கவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் இருக்கிறதே, அது தவறு. எடை கூடினால் நுரையீரல் கூடிவிட்டது என்று பொருளில்லை. 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகள் இரண்டாவது வயதிலும் மற்றக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆர்எஸ்வியால் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். பிறந்தநாள் கேக் வெட்டிய பிறகும் தொடர்கிற அபாயம் இது.

சிகிச்சை பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. இது உண்டாக்கும் நுண்குழல் அழற்சிக்கு சால்பியூட்டமால் நெபுலைசரை வழக்கமாக வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014லேயே வழிகாட்டியது. உண்மையில் குழந்தைக்குத் தேவை ஆக்சிஜன், பால் அல்லது நீர் உடம்பில் இறங்குவது, மூச்சு நிற்கிறதா என்று இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். எங்கள் பிள்ளைக்கு ஒன்பது நாள் செய்ததும் இவ்வளவுதான். மூக்கில் மெல்லிய குழாய், வாய் வழியே இறங்கிய டியூபில் தங்கை பீய்ச்சித் தந்த பால், ஆக்சிஜனை அளக்கக் காலில் கட்டிய சிவப்பு விளக்கு. அந்த விளக்கின் பக்கத்தில் எண் 90க்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும். முதல் மூன்று நாள் அது அடித்துக்கொண்டே இருந்தது. நாலாம் நாளிலிருந்து இடைவெளி விழத் தொடங்கியது.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில் செய்பவற்றில் சில இந்தக் குழந்தைகளுக்கு நேரடித் தீங்கு. குளிப்பாட்டிவிட்டு சாம்பிராணிப் புகை காட்டுவது ஒன்று. வீங்கிய குழாய்க்குள் புகையை ஏற்றுவது அது. மூக்கில் எண்ணெய் விடுவது இன்னொன்று. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கி, அதுவே தனியாக ஒரு நிமோனியாவை உண்டாக்கும். வாயால் ஊதிச் சளி எடுக்கிறேன் என்று மூக்கில் வாய் வைப்பவர்கள், தங்கள் வாயிலுள்ள கிருமியைச் சேர்த்துத்தான் ஊதுகிறார்கள். அன்போடு செய்கிறார்கள் என்பதை அறிவேன். அன்பு வைரஸைத் தடுத்து நிறுத்துவதில்லை.

"அப்படியென்றால் பிள்ளையை யாரும் பார்க்கவே கூடாதா? பூட்டிவைக்கச் சொல்கிறாயா?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். இதற்கு விடையை நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் கரோலின் ஹால் என்ற குழந்தை மருத்துவர் 1981இல் வெளியிட்ட எளிய சோதனை சொல்கிறது. ஆர்எஸ்வி தொற்றிய குழந்தைகள் இருந்த அறைக்குத் தன்னார்வலர்களை மூன்று பிரிவாக அனுப்பினார். சிலர் குழந்தையைத் தூக்கி, கொஞ்சி, பராமரித்தார்கள். சிலர் குழந்தையைத் தொடாமல் அது கிடந்த படுக்கையையும் பொருள்களையும் மட்டும் தொட்டு, பிறகு தங்கள் கண்ணையும் மூக்கையும் தொட்டார்கள். சிலர் ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சிய ஏழு பேரில் ஐந்து பேருக்கு நோய் வந்தது. பொருளைத் தொட்ட பத்துப் பேரில் நான்கு பேருக்கு வந்தது. தள்ளி உட்கார்ந்த பதினான்கு பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

அந்தச் சோதனையில் குழந்தையிடமிருந்து பெரியவர்களுக்குப் போனது. நம் தொட்டில் விழாவில் அது எதிர்த்திசையில் வருகிறது. பாதை ஒன்றே: கையும் மூக்கும். இந்த வைரஸ் மேசை, கட்டில் கம்பி போன்ற கடினமான பரப்பில் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். கையில் அதைவிடக் குறைந்த நேரமே இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். ஆகவே நான் கேட்பது சிறை அல்ல. அன்று நான் கேட்டு, பிறகு விட்டுக்கொடுத்த அதே வாக்கியம்தான்: கையைக் கழுவிட்டு வா. சளி இருப்பவர் சளி போன பிறகு வரட்டும். முத்தம் வேண்டாம். தள்ளி நின்று பார்க்கலாம், வாழ்த்தலாம். மழைக்காலம் கழியும் வரை விழாவைத் தள்ளிவைத்தால் தெய்வம் கோபிக்காது.

ஒரே ஒருவருக்கு மட்டும் இந்தத் தூரம் பொருந்தாது. அவர் தாய். தாய்க்குச் சளி பிடித்ததும் பாலை நிறுத்திவிட்டுப் புட்டிக்கு மாறும் வீடுகளைப் பார்க்கிறேன். அது பிள்ளைக்குக் கெடுதல். வயிற்றில் வாங்காமல் வந்த காப்பில் ஒரு பகுதியையாவது இப்போது தருவது அந்தப் பால்தான். முகக்கவசம் போட்டு, கை கழுவி, பால் கொடுக்கலாம். நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பையும் விட வேண்டாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய அந்த முறை, தொற்றிலிருந்தும் காப்பாற்றும் என்று இன்று உலகமே ஏற்றிருக்கிறது.

கடைசியாக, கைகழுவலோடு முடியாத வேலை ஒன்று இருக்கிறது. தடுக்கும் மருந்து இல்லாத காலம் போய்விட்டது. 1998இலேயே பாலிவிசுமாப் என்ற எதிர்ப்புப் புரத ஊசி வந்தது. 1,502 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ஆர்எஸ்வியால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 10.6 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆனால் மாதந்தோறும் போட வேண்டும், விலையும் எட்டாது. இப்போது நிர்செவிமாப் வந்திருக்கிறது. நோய்ப்பருவத்துக்கு ஒரே ஊசி. 29 முதல் 35 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளிடம் நடந்த சோதனையில் மருத்துவமனைச் சேர்க்கை 78 சதவீதம் குறைந்ததாக 2020இல் எழுதினார்கள். ஸ்பெயினின் கலீசியா மாநிலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்ததில் 82 சதவீதம் குறைந்தது.

கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நல்ல தடுப்பூசி. ஆனால் அங்கே அதை 32 முதல் 36 வாரத்துக்குள்தான் போடுகிறார்கள். போட்டபின் எதிர்ப்புப் புரதம் பிள்ளைக்குப் போய்ச்சேர இரண்டு வாரமாவது வேண்டும். 31 வாரத்தில் பிறந்துவிட்டவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. யாருக்கு ஆபத்து மிக அதிகமோ அவர்களே அந்த ஊசிக்கு எட்டாதவர்கள். கர்ப்பிணி ஊசியை மட்டும் கொண்டுவந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நாளை யாராவது சொன்னால், அதையும் இதே குரலில் மறுப்பேன். இரண்டில் ஒன்றையாவது எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஆர்எஸ்விக்கு இடமில்லை.

விலை கட்டாது என்பார்கள். ரோட்டா வைரஸ் தடுப்பூசிக்கும் அதையேதான் சொன்னார்கள். பிறகு இந்தியாவிலேயே ஒன்றைச் செய்தோம். அதன் இறுதிக்கட்டச் சோதனை நடந்த மூன்று ஊர்களில் நம் வேலூரும் ஒன்று. 2016இல் அது அரசுத் திட்டத்துக்குள் வந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சொட்டு விடுகிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டுமாவது, பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு ஊசி. இதை அரசு தொடங்கலாம். அந்தக் குழந்தைகள் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் அந்தந்த மருத்துவமனையின் பதிவேட்டிலேயே இருக்கிறது. தேடிப் போக வேண்டியதில்லை.

எங்கள் பிள்ளை பிழைத்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு. மழை தொடங்கினால் இன்னும் இழுக்கிறது. புத்தகப் பையில் இன்ஹேலர் இருக்கிறது. பெரியம்மாதான் தினமும் காலையில் அது பையில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறார்.

குறைமாதக் குழந்தை உள்ள வீட்டாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் போனால், நெஞ்சுக்குழி உள்வாங்கினால், முனகினால், பால் குடிப்பது பாதியாகக் குறைந்தால், கண நேரமாவது மூச்சு நின்றால், விடியும் வரை காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போனதும் "சளி" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். "இத்தனை வாரத்தில் பிறந்தது" என்று தொடங்குங்கள். அவர் கேட்காவிட்டாலும் அதையே முதலில் சொல்லுங்கள்.